அடையாளமும் அந்தரங்கமும்: உயிரியல் அளவீட்டு அடையாள முறைகள் பற்றிய ஒரு கற்கை



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் ஆண்டில் நீங்கள் செய்ய வேண்டிய வேலைகளுள் ஒன்று தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதாகும். அதிபர் ஊடாகப் படிவம் நிரப்புகிறீர்கள். பிறப்புச் சான்றிதழையும் புகைப்படத்தையும் இணைக்கிறீர்கள். சில வாரங்களில் உங்கள் பெயருடன் ஓர் இலக்கம் வந்து சேர்கிறது. அந்த இலக்கம் ஆயுள் முழுவதும் மாறாது. வங்கி, வைத்தியசாலை, தொழில், கடவுச்சீட்டு, வாக்குச் சாவடி என நீங்கள் செல்லும் இடமெங்கும் அது உங்களுடன் வரும்.

இன்று பல நாடுகளில் பெயருக்கும் இலக்கத்துக்கும் அப்பால் கைவிரல் ரேகை, கண்ணின் கருவிழிப்படலம், முகத்தின் அமைப்பு ஆகியனவும் பதியப்படுகின்றன. இதனால் வரும் நன்மைகள் எவை? ஆபத்துகள் எவை? அரசு குடிமக்களைப் பற்றி எவ்வளவு அறியலாம்? இவ்வினாக்களை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள் செய்யக்கூடியவை:

அ) உயிரியல் அளவீட்டுத் தரவு என்றால் என்னவென விளக்குதல்.
ஆ) அவ்வடையாள முறையின் நன்மைகளையும் பிரச்சினைகளையும் பட்டியலிடுதல்.
இ) இந்தியாவின் ஆதார் முறையை உதாரணமாகக் கொண்டு அந்தரங்க உரிமையை விளக்குதல்.
ஈ) இலங்கையின் நிலையை அதனுடன் ஒப்பிட்டுக் கருத்துக் கூறுதல்.

1. உங்கள் இலக்கம் கூறும் செய்தி

முதலில் நமது நாட்டின் அடையாள அட்டையைப் பார்ப்போம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் கீழ் ஆட்பதிவுத் திணைக்களம் இதனை வழங்குகிறது. அட்டைகள் 1972 முதல் வழங்கப்பட்டு வருகின்றன. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் பன்னிரண்டு எண்கள் கொண்ட இலக்கம் வழங்கப்படுகிறது.

புதிய இலக்கத்தின் முதல் நான்கு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் குறிக்கும். (பெப்ரவரி மாதம் எப்போதும் 29 நாட்களாகவே கணக்கிடப்படும்.) பெண்ணாயின் அந்நாள் எண்ணுடன் 500 கூட்டப்படும். எஞ்சியவை தொடர் இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமுமாகும்.

உதாரணம்: 2010 ஏப்ரல் 14இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 31 + 29 + 31 + 14 = 105. அவர் ஆணாயின் இலக்கம் 2010105 எனத் தொடங்கும். பெண்ணாயின் 2010605 எனத் தொடங்கும்.

இப்போது சிந்தியுங்கள். கடையொன்றில் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் கொடுத்தாலும், பிறந்த திகதியையும் பாலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறீர்கள். கேட்டவருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். கொடுத்தவருக்கும் அது தெரியாமல் இருக்கலாம். தரவு பற்றிய முதற் பாடம் இதுதான்: நாம் கொடுப்பதாக நினைப்பதிலும் பார்க்கக் கூடுதலாகவே பெரும்பாலும் கொடுக்கிறோம்.

2. உயிரியல் அளவீட்டுத் தரவு என்றால் என்ன?

ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய உதவும் உடல் அல்லது நடத்தை சார்ந்த இயல்புகளை அளந்து பெறும் தரவே உயிரியல் அளவீட்டுத் தரவு ஆகும். இது பயோமெட்ரிக் தரவு எனவும் வழங்கப்படும். கைவிரல் ரேகை, கருவிழிப்படலம், முக அமைப்பு, குரல் ஆகியன இதற்கு உதாரணங்களாகும்.

இம்முறை செயற்படும் விதத்தை மூன்று படிகளில் நினைவில் வைத்திருங்கள்.

முதற்படி பதிவு செய்தல். கருவி விரலைப் படம் பிடிக்கிறது. ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளைவிடுகின்றன என்பன போன்ற புள்ளிகளைக் கணினி எண்களாக மாற்றுகிறது. இவ்வெண் தொகுதி வார்ப்புரு எனப்படும்.

இரண்டாம் படி சேமித்தல். வார்ப்புரு ஓர் அட்டையிலுள்ள சில்லில் சேமிக்கப்படலாம். அல்லது நாட்டு மக்கள் அனைவருக்குமான மத்திய தரவுத்தளமொன்றில் சேமிக்கப்படலாம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிக முக்கியமானது. அட்டை தொலைந்தால் ஒருவரின் தரவு போகும். தரவுத்தளம் கசிந்தால் எல்லோருடைய தரவும் போகும்.

மூன்றாம் படி ஒப்பிடுதல். இது இரு வகைப்படும். "இவர் தாம் கூறும் ஆள்தானா?" எனப் பார்ப்பது சரிபார்த்தல். இங்கு ஒருவரின் விரல் ஒரு பதிவுடன் மட்டுமே ஒப்பிடப்படுகிறது. "இவர் யார்?" எனத் தேடுவது இனங்காணல். இங்கு ஒரு விரலோ முகமோ தரவுத்தளத்திலுள்ள அனைத்துப் பதிவுகளுடனும் ஒப்பிடப்படுகிறது. முதலாவது, கதவில் நின்று உங்கள் பெயரைக் கேட்பது போன்றது. இரண்டாவது, தெருவில் செல்லும் உங்களை நீங்கள் அறியாமலே பெயர் சொல்லி அறிந்துகொள்வது போன்றது. கண்காணிப்புப் பற்றிய அச்சம் பெரும்பாலும் இரண்டாவது வகையிலிருந்தே எழுகிறது.

3. அரசுகள் ஏன் இம்முறையை நாடுகின்றன?

நியாயமான காரணங்கள் பல உள்ளன.

• பிறப்புச் சான்றிதழோ வேறு ஆவணமோ இல்லாத ஏழை மக்களுக்கும் தம்மை நிரூபிக்க ஒரு வழி கிடைக்கிறது.
• ஒரே ஆள் பல பெயர்களில் நிவாரணம் பெறுவதையும், இறந்தவர் பெயரில் பணம் பெறுவதையும் குறைக்கலாம்.
• ஓய்வூதியம், உதவிப்பணம் ஆகியவற்றை இடைத்தரகரின்றி நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம்.
• அலுவலகங்களில் ஒரே விபரத்தை மீண்டும் மீண்டும் நிரப்பும் அலைச்சல் குறைகிறது.
• ஆள்மாறாட்டத்தையும் போலி ஆவணங்களையும் கண்டுபிடிப்பது இலகுவாகிறது.

பரீட்சையில் விடை எழுதும்போது இந்நன்மைகளைக் குறிப்பிடாமல் குறைகளை மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது.

4. எழும் பிரச்சினைகள்

(i) மாற்ற முடியாமை. கடவுச்சொல் களவு போனால் புதிய கடவுச்சொல் இடலாம். விரல் ரேகை களவு போனால் புதிய விரலுக்கு எங்கே போவது? 2015இல் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசாங்க ஆளணி முகாமைத்துவ அலுவலகத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியோர் ஏறத்தாழ 56 இலட்சம் பேரின் கைவிரல் ரேகைத் தரவுகளைக் களவாடியதாக அவ்வலுவலகமே அறிவித்தது. வல்லரசொன்றின் அலுவலகத்துக்கே இது நேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

(ii) விலக்கப்படுதல். கருவி தவறு செய்யக்கூடும். மண்வெட்டியும் கல்லும் பிடித்து உழைப்பவர்களின் ரேகைகள் தேய்ந்துவிடுகின்றன. முதியோரின் தோல் சுருங்குகிறது. சிறுவர்களின் உடல் வளர்ந்து மாறுகிறது. மின்சாரமோ இணைய இணைப்போ இல்லாத கிராமத்தில் கருவி வேலை செய்யாது. நிவாரணம் மிகவும் தேவைப்படுவோரையே இத்தவறு கூடுதலாகப் பாதிக்கிறது.

(iii) பயன்பாட்டு விரிவு. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தரவு, காலப்போக்கில் கேட்காமலே வேறு நோக்கங்களுக்குப் பயன்படுவது பயன்பாட்டு விரிவு எனப்படும்.

(iv) இணைத்துப் பார்த்தல். வங்கி, வைத்தியசாலை, தொலைபேசி, பிரயாணம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே இலக்கம் பதியப்பட்டால் அவற்றை ஒன்றிணைத்து ஒருவரின் முழு வாழ்க்கையையும் வரைந்துவிடலாம். தனித்தனியே பார்க்கும்போது சிறியனவாகத் தோன்றும் தகவல்கள், ஒன்றுசேரும்போது பெரும் அதிகாரமாகின்றன.

(v) அச்சத்தினால் அடங்குதல். தாம் கண்காணிக்கப்படுவதாக உணரும் மக்கள் கூட்டத்துக்குச் செல்லவும், முறைப்பாடு செய்யவும், எழுதவும் தயங்குவர். இதனால் கருத்து வெளியிடும் சுதந்திரமும் ஒன்றுகூடும் சுதந்திரமும் சட்டத்தில் இருந்தும் நடைமுறையில் சுருங்கிவிடும்.

5. வரலாறு தரும் இரு உதாரணங்கள்

நெதர்லாந்து: இந்நாட்டில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் குடிமக்கள் பதிவேடு மிக ஒழுங்காகப் பேணப்பட்டது. அதில் மதமும் குறிக்கப்பட்டிருந்தது. நல்ல நிருவாகமே அதன் நோக்கமாக இருந்தது. 1940இல் நாசி ஜேர்மனி நாட்டைக் கைப்பற்றியது. அதே பதிவேடு யூத மக்களைத் தேடிப்பிடிக்கும் கருவியாக மாறியது. இதனை உணர்ந்த எதிர்ப்பியக்கத்தினர் 1943 மார்ச் 27ஆம் திகதி இரவு ஆம்ஸ்டர்டாம் நகரப் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீயிட்டனர். அட்டைகளில் ஒரு பகுதியே அழிந்தது. பங்குபற்றியவர்களுள் பலர் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதிவேட்டை உருவாக்கியோர் தீயவர் அல்லர். ஆனால் பதிவேடு அதனை உருவாக்கிய அரசாங்கத்திலும் நீண்ட ஆயுள் கொண்டது. நாளை அது யார் கையில் இருக்கும் என்பதை எவரும் உறுதி கூற முடியாது.

பிரித்தானியா: 1939இல் போர் தொடங்கியபோது பிரித்தானியா தன் மக்களுக்கு அடையாள அட்டை வழங்கியது. படைக்கு ஆட்சேர்ப்பு, உணவுப் பங்கீடு முதலியனவே அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. போர் முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரும் பொலிஸார் சாதாரண வாகனச் சோதனையில் அவ்வட்டையைக் கேட்டனர். 1950இல் சாரதி ஒருவர் அட்டையைக் காட்ட மறுத்தார். வழக்கு மேன்முறையீட்டுக்குச் சென்றது. 1951இல் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்த போதிலும், போர்க்காலத்துக்கென இயற்றிய சட்டத்தை இவ்வாறு பயன்படுத்துவதைக் கண்டித்தது. 1952இல் அட்டை கைவிடப்பட்டது. மேலே கூறிய பயன்பாட்டு விரிவுக்கு இது சிறந்த உதாரணம்.

அதே நாடு 2006இல் அடையாள அட்டைச் சட்டமொன்றை இயற்றி, விரல் ரேகையுடன் கூடிய தேசியப் பதிவேட்டை உருவாக்க முனைந்தது. 2010இல் பதவிக்கு வந்த புதிய அரசாங்கம் அச்சட்டத்தை நீக்கியது. பதிவேட்டுத் தரவுகள் இருந்த கணினி வன்தட்டுகள் 2011இல் அழிக்கப்பட்டன. தொடங்கிய திட்டத்தை ஜனநாயக வழியில் நிறுத்தவும் முடியும் என்பதை இது காட்டுகிறது.

6. வழக்காய்வு: இந்தியாவின் ஆதார்

உலகின் மிகப்பெரிய உயிரியல் அளவீட்டு அடையாள முறை இந்தியாவின் ஆதார் ஆகும். 2009இல் இந்தியத் தனித்துவ அடையாள அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2010 செப்டெம்பர் 29ஆம் திகதி மகாராஷ்டிர மாநிலத்தின் தெம்பிலி என்னும் கிராமத்தில் முதலாவது ஆதார் இலக்கம் வழங்கப்பட்டது. இதுவரை 130 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வழங்கப்பட்டுள்ளன.

பத்து விரல்களின் ரேகைகள், இரு கண்களின் கருவிழிப்படலங்கள், முகப் படம் ஆகியன பெறப்படுகின்றன. பெயர், பிறந்த திகதி, பால், முகவரி ஆகியனவும் பதியப்படுகின்றன. ஆதார் இலக்கத்திலும் பன்னிரண்டு எண்களே உள்ளன. எனினும் அது எழுமாறாக ஆக்கப்படுவது. அதைப் பார்த்து ஒருவரின் வயதையோ பாலையோ அறிய முடியாது. இவ்விடயத்தில் நமது இலக்கத்தைவிட அது அந்தரங்கத்தைக் கூடுதலாகப் பேணுகிறது எனலாம்.

ஆரம்பத்தில் இது விருப்பத்தின் பேரிலானது எனக் கூறப்பட்டது. பின்னர் பங்கீட்டு அரிசி, எரிவாயு மானியம், வேலைத்திட்டக் கூலி, வருமான வரி, வங்கிக் கணக்கு, கையடக்கத் தொலைபேசி என ஒவ்வொன்றுக்கும் ஆதார் கேட்கப்பட்டது. ஆதார் சட்டம் 2016ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அதாவது பல கோடி மக்களின் தரவுகள் அதற்கெனத் தனிச்சட்டம் எதுவுமின்றியே பெறப்பட்டிருந்தன.

விளைவுகள்: பங்கீட்டுக் கடைகளில் விரல் பொருந்தாமல் வெறுங்கையுடன் திரும்பியோர் பற்றிய செய்திகள் பல மாநிலங்களிலிருந்து வந்தன. 2017இல் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஒரு சிறுமி இறந்தாள். பங்கீட்டு அட்டை ஆதாருடன் இணைக்கப்படாமையால் மாதக்கணக்கில் உணவு கிடைக்கவில்லை எனக் குடும்பத்தினர் கூறினர். நோயே மரணத்துக்குக் காரணம் என அதிகாரிகள் கூறினர். காரணம் எதுவாயினும், கருவியோ பட்டியலோ தவறினால் ஒரு குடும்பத்தின் உலை எரியாது போகலாம் என்ற உண்மையை இந்தியா முழுவதும் அச்சம்பவம் பேச வைத்தது.

2018 ஜனவரியில் "ட்ரிபியூன்" பத்திரிகை, 500 ரூபா கொடுத்து ஆதார் பதிவாளர்களின் பெயர், முகவரி முதலிய விபரங்களைப் பார்க்கும் வழியைத் தன் நிருபர் பெற்றதாகச் செய்தி வெளியிட்டது. உயிரியல் அளவீட்டுத் தரவு கசியவில்லை என அதிகாரசபை பதிலளித்தது.

நீதிமன்றத் தீர்ப்புகள்: கர்நாடக மாநில உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. எஸ். புட்டசாமி 2012இல் வழக்குத் தொடுத்தார். "அந்தரங்கம் என்ற உரிமை அரசியலமைப்பில் உள்ளதா?" என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய வினாவாயிற்று. ஏனெனில் அப்பெயரில் ஓர் உரிமை அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கவில்லை.

2017 ஆகஸ்ட் 24: உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். உயிர் வாழும் உரிமையிலும் தனிமனித சுதந்திரத்திலும் (உறுப்புரை 21) அது அடங்கியுள்ளது என்றனர். (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் எனப்படுவது நமது நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு நிகரானது. பெயரை மாற்றி எழுதிவிடாதீர்கள்.)

அவ்வுரிமையை அரசு மட்டுப்படுத்த வேண்டுமாயின் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். இவற்றை மனனம் செய்துகொள்ளுங்கள்.

1. சட்டம்: மட்டுப்பாட்டுக்கு ஒரு சட்டம் இருத்தல் வேண்டும்.
2. நோக்கம்: அரசின் நோக்கம் நியாயமானதாக இருத்தல் வேண்டும்.
3. அளவு: நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் மட்டுப்பாடு போகலாகாது.

2018 செப்டெம்பர் 26: ஐந்து நீதியரசர்களைக் கொண்ட ஆயம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஆதார் சட்டத்தை ஏற்றது. அரச நலன்புரி உதவிகளுக்கும் வருமான வரிக்கும் ஆதார் கேட்கலாம் என்றது. ஆனால் வங்கிக் கணக்குக்கும் தொலைபேசி இணைப்புக்கும் அதைக் கட்டாயமாக்க முடியாது என்றது. பாடசாலை அனுமதிக்கும் கட்டாயமாக்க முடியாது என்றது. ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் உதவி மறுக்கப்படலாகாது என்றும், பிள்ளையாக இருந்தபோது பதியப்பட்டவர் 18 வயதை அடைந்ததும் விலக விரும்பினால் அதற்கு இடமளிக்க வேண்டும் என்றும் கூறியது. ஒருவர் எப்போது சரிபார்க்கப்பட்டார் என்ற பதிவுகளை ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் டி. வை. சந்திரசூட், முழுச் சட்டமுமே அரசியலமைப்புக்கு முரணானது என்றார்.

2019இல் சட்டம் திருத்தப்பட்டு, வங்கிக்கும் தொலைபேசிக்கும் ஒருவர் விரும்பினால் ஆதாரைப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. 2023இல் இந்தியா தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான சட்டமொன்றை இயற்றியது.

7. இலங்கையின் நிலை

இலங்கைக்கும் இவ்விடயம் தொலைவில் இல்லை. தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடை உதவி பெறுவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2022 மார்ச்சில் செய்துகொள்ளப்பட்டது. முகம், கருவிழிப்படலம், விரல் ரேகை ஆகிய மூன்றையும் பதிவது இத்திட்டத்தின் அடிப்படையாகும்.

நமது சட்ட நிலையைப் பின்வருமாறு சுருக்கலாம்.

• 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கம் தனியான உரிமையாகக் கூறப்படவில்லை.
• 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 12ஆம் உறுப்புரை அந்தரங்கத்தில் எதேச்சையாகத் தலையிடலாகாது என்கிறது. குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரையும் அவ்வாறே கூறுகிறது. அவ்வுடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்தது.
• 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. தம்மைப் பற்றிய தரவைப் பார்வையிடவும் பிழை திருத்தவும் குடிமக்களுக்கு அது உரிமை அளிக்கிறது. உயிரியல் அளவீட்டுத் தரவு கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகையாக அதில் கூறப்பட்டுள்ளது. எனினும் தேசிய பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக விதிவிலக்குகளும் உள்ளன.
• 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம், அரச நிறுவனங்களிடம் அவற்றின் திட்டங்கள் பற்றிய தகவல்களைக் கேட்கலாம்.

இவ்விரு சட்டங்களையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். அரசின் செயல்கள் மக்களுக்குத் தெரிய வேண்டும். மக்களின் தனி வாழ்வு தேவையின்றி அரசுக்குத் தெரிய வேண்டியதில்லை. நல்லாட்சியின் திசை இதுவாகும். இது தலைகீழாகும்போதுதான் கண்காணிப்பு அரசு தோன்றுகிறது.

நமது நாட்டில் யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டைக்கு இருந்த பெறுமதியை உங்கள் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியிடமும் கேட்டறியுங்கள். ஓர் அட்டை எவ்வாறு பாதுகாப்பாகவும் அச்சமாகவும் ஒரே வேளையில் இருக்க முடியும் என்பதை அவர்கள் எந்நூலிலும் சிறப்பாக உங்களுக்கு விளக்குவர்.

8. ஒரு வாதமும் பதிலும்

"மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?" என்ற வாதத்தை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். பரீட்சையிலும் இது கருத்துரை வினாவாக வரலாம். பின்வருமாறு பதிலளிக்கலாம்.

முதலாவது, அந்தரங்கம் என்பது குற்றத்தை மறைப்பது அன்று. குளியலறைக் கதவைத் தாழிடுபவர் குற்றவாளி அல்லர். நண்பருக்கு எழுதிய கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுபவரும் குற்றவாளி அல்லர். இரண்டாவது, எது குற்றம் என்பது காலத்துக்குக் காலம், ஆட்சிக்கு ஆட்சி மாறும். நெதர்லாந்தின் யூதர்கள் பதிவேட்டில் பெயர் கொடுத்த நாளில் மறைப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாவது, தரவில் பிழை இருக்கலாம். பிழையான தரவினால் துன்பப்படுபவர் எக்குற்றமும் செய்யாதவரே.

9. நல்ல அடையாள முறைக்குரிய பண்புகள்

• பாராளுமன்றம் விவாதித்து இயற்றிய சட்டத்தின் கீழ் இயங்குதல்.
• தேவையான குறைந்தபட்சத் தரவை மட்டும் பெறுதல்.
• கூறிய நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துதல்.
• கருவி தவறினால் மாற்று வழி இருத்தல். எவரும் உணவோ மருந்தோ இன்றித் திருப்பி அனுப்பப்படாமை.
• அரசிலிருந்து சுதந்திரமான மேற்பார்வை அமைப்பு இருத்தல்.
• தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டோருக்கு அறிவித்தலும் நிவாரணம் வழங்கலும்.
• தன் தரவை யார் பார்த்தார் என்பதைக் குடிமகன் அறிய முடிதல்.

10. பயிற்சி வினாக்கள்

பகுதி 1: சரியான விடையைத் தெரிவு செய்க.

1. ஒரு முகத்தைத் தரவுத்தளத்திலுள்ள எல்லா முகங்களுடனும் ஒப்பிடுவது
(அ) பதிவு செய்தல் (ஆ) சரிபார்த்தல் (இ) இனங்காணல் (ஈ) சேமித்தல்

2. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஆண்டு
(அ) 2009 (ஆ) 2012 (இ) 2017 (ஈ) 2019

3. இலங்கை அடையாள அட்டை இலக்கமொன்று 2009532 எனத் தொடங்குகிறது. அதற்குரியவர்
(அ) ஜனவரியில் பிறந்த ஆண் (ஆ) பெப்ரவரியில் பிறந்த பெண் (இ) பெப்ரவரியில் பிறந்த ஆண் (ஈ) மே மாதத்தில் பிறந்த பெண்

விடைகள்: 1 – இ, 2 – இ, 3 – ஆ (532 – 500 = 32ஆம் நாள்; பெப்ரவரி 1)

பகுதி 2: சுருக்கமாக விடை தருக.

1. பயன்பாட்டு விரிவு என்றால் என்ன? உதாரணம் தருக.

மாதிரி விடை: ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தரவு அல்லது ஆவணம் பின்னர் வேறு நோக்கங்களுக்கும் பயன்படுத்தப்படுவது பயன்பாட்டு விரிவு ஆகும். பிரித்தானியாவில் 1939இல் போர்த் தேவைகளுக்காக வழங்கப்பட்ட அடையாள அட்டை, போருக்குப் பின் பொலிஸாரின் வாகனச் சோதனையில் கேட்கப்பட்டமை இதற்கு உதாரணமாகும்.

2. "நிவாரணம் பெறுவதற்கு விரல் ரேகை கட்டாயமாக்கப்பட வேண்டும்." இக்கூற்றுப் பற்றிய உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

மாதிரி விடை: போலிப் பெயர்களில் நிவாரணம் பெறுவதைத் தடுக்க விரல் ரேகை உதவும். எனவே அரசின் நோக்கம் நியாயமானதே. ஆயினும் உழைப்பாளிகளினதும் முதியோரினதும் ரேகை பொருந்தாமல் போகலாம். அவ்வாறாயின் உரிமையுள்ள ஒருவர் உணவின்றித் திரும்ப நேரிடும். போலி ஒருவருக்கு உதவி போவது பண இழப்பு. உரியவருக்குப் போகாமை உயிர் இழப்பாகவும் முடியலாம். எனவே விரல் ரேகை ஒரு வழியாக இருக்கலாம். ஒரே வழியாக இருக்கலாகாது. அட்டையையோ கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையோ மாற்று வழியாக ஏற்றல் வேண்டும்.

பகுதி 3: நீங்களே எழுதுக.

1. 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மூன்று நிபந்தனைகளையும் எழுதி, பாடசாலை வாயிலில் மாணவரின் விரல் ரேகை மூலம் வரவு பதியும் திட்டத்துக்கு அவற்றைப் பொருத்திப் பார்க்க.

2. இலங்கை அடையாள அட்டை இலக்கத்தையும் ஆதார் இலக்கத்தையும் அந்தரங்க நோக்கில் ஒப்பிடுக.

பரீட்சைக்கான குறிப்பு: ஆண்டுகளை மட்டும் அடுக்கி எழுதுவதால் முழுப் புள்ளி கிடைக்காது. ஒவ்வோர் உதாரணத்தின் பின்னும் "இதிலிருந்து தெரிவது யாதெனில்" எனத் தொடங்கி ஒரு வாக்கியம் எழுதப் பழகுங்கள்.

மாணவர்களே, உங்கள் விரலையோ கண்ணையோ கருவியின் முன் வைக்குமாறு கேட்கப்படும் நாள் ஒன்று வரலாம். அன்று மறுப்பதா, ஒப்புவதா என்பதைச் சட்டமும் உங்கள் அறிவும் தீர்மானிக்கட்டும். ஆனால் எதற்காகப் பெறுகிறார்கள், எங்கே வைக்கிறார்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்ற நான்கு வினாக்களையும் மரியாதையாகக் கேட்கத் தவறாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. பதிலளிப்பது அவர்களின் கடமை.